மட்டையா, குச்சியா?

டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது நிமிஷம் கட்சி பிரிந்தாக வேண்டும் என்பது நம் ஊர் விதி. எம்.ஜி.ஆரா சிவாஜியா, கவாஸ்கரா விஸ்வநாத்தா, இளையராஜாவா ரஹ்மானா, சென்னையா மும்பையா... இந்த வாதங்களில் இதுவரை ஒருத்தர்கூட எதிர்க்கட்சிக்கு மாறியதாகச் சரித்திரம் இல்லை. மாறிவிட்டால் நாளைக்கு யாரோடு சண்டை போடுவது?

இந்த வியாதிக்கு விஸா கிடையாது. கனடாவில், டொராண்டோவில், பனிக்காலத்து மைனஸ் இருபதிலும் அது ஜம்மென்று உயிர் வாழ்கிறது. அங்கே கேள்வி: பேஸ்பாலா, ஹாக்கியா?

ஹாக்கி என்றதும் உங்களுக்கு தயான்சந்த் ஞாபகம் வரும். 1980-ல் மாஸ்கோவில் நம்ம பாஸ்கரன் தலைமையில் வாங்கிய தங்கம் ஞாபகம் வரும். அதைக் கனடாக்காரரிடம் சொன்னால் மரியாதையாகத் தலையாட்டி, "ஓ, ஃபீல்ட் ஹாக்கி!" என்பார். அந்த 'ஃபீல்ட்' என்ற அடைமொழியில்தான் விஷயமே இருக்கிறது. அவர்களுக்கு ஹாக்கி என்றால் ஐஸ் மேல் ஆடுவது மட்டும்தான். 'ஐஸ் ஹாக்கி' என்று சொன்னால் 'ஈர மழை' என்று சொன்னமாதிரி பார்க்கிறார்கள்.

அவசரமாக இரண்டு ஆட்டத்தையும் அறிமுகம் செய்துவிடுகிறேன். தெரிந்தவர்கள் அடுத்த பாராவுக்குத் தாவலாம்.

ஹாக்கி: 200 அடி நீளம், 85 அடி அகலத்துக்கு ஐஸ். சுற்றிலும் பலகைச் சுவர், அதற்கு மேல் கண்ணாடி. பக்கத்துக்கு ஆறு பேர், காலில் ஸ்கேட், கையில் வளைந்த குச்சி. பந்துக்குப் பதில் 'பக்' என்று ஒரு ரப்பர் வில்லை. மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குல கனம், பார்த்தால் பெரிய சைஸ் கேரம் ஸ்ட்ரைக்கர் மாதிரி. துள்ளக்கூடாது என்பதற்காக ஃப்ரீஸரில் வைத்து உறைய வைத்து எடுத்து வருகிறார்கள். அது மணிக்கு 160 கிலோமீட்டரில் முகத்தை நோக்கி வரும். இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதி. 

பேஸ்பால்: கிரிக்கெட்டுக்கு தூரத்து ஒன்றுவிட்ட தம்பி. பக்கத்துக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ். அறுபதரை அடி தூரத்திலிருந்து ஒருத்தர் எறிகிறார், உருண்டை மட்டையால் இன்னொருத்தர் அடிக்கிறார். நாலு மூலையும் சுற்றி வீட்டுக்கு வந்து சேர்ந்தால் ஒரு ரன். வீடு என்றே பெயர்: ஹோம். கெடியாரம் கிடையாது. கடைசி ஆள் அவுட் ஆகும்வரை ஆட்டம் முடியாது.

*

2025 மே மாதம் ஸ்கார்பரோ பக்கத்தில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். டொராண்டோவின் கிழக்குப் பகுதி. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளமாக வசிக்கும் இடம். கடைப் பலகைகளைப் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் யாரோ குளிர்சாதனத்தைக் கொஞ்சம் அதிகமாக வைத்துவிட்ட மாதிரி இருக்கும். நண்பர் மூலமாக ஏற்பாடான வீடு. வீட்டுக்காரருக்கு அறுபத்துநாலு வயசு, யாழ்ப்பாணத்துக்காரர், 1987-ல் வந்தவர். நான் 'அண்ணை' என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் 'தம்பி' என்றார். அவருக்கு ஒரே மகன். ஸ்கார்பரோவிலேயே பிறந்தவன், இருபத்தாறு வயசு, வங்கி ஆபீஸில் வேலை.

அப்பா பேஸ்பால். டொராண்டோ ப்ளூ ஜேஸ். மகன் ஹாக்கி. டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ். ஒரே ஹால், ஒரே டி.வி., ஒரே ரிமோட். மே மாதத்தில் ஹாக்கியின் இறுதிக் கட்டமும் பேஸ்பாலின் ஆரம்பக் கட்டமும் ஒன்றாக நடக்கும். குருக்ஷேத்திரத்துக்கு இதைவிட வசதியான இடம் எது?

"உது என்ன விளையாட்டு தம்பி? கண் சிமிட்டினா பக்கைக் காணேல்லை. அவங்கள் தேடுறாங்களோ அடிபடுறாங்களோ எண்டு ஆருக்குத் தெரியும்?" என்று அப்பா ஆரம்பிப்பார்.

இந்தப் புகார் புதிசில்லை. பக் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அமெரிக்க ரசிகர்கள் அலுத்துக்கொண்டதால் 1996-ல் ஃபாக்ஸ் டெலிவிஷன் பக்குக்குள் எலெக்ட்ரானிக்ஸ் வைத்து, திரையில் அது நீலமாக ஒளிவிடும்படி செய்தது. வேகமாக அடித்தால் பின்னால் சிவப்பு வால் வேறு. கனடாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சில வருஷத்தில் வால் உதிர்ந்துவிட்டது.

மகன் சும்மா இருப்பானா? "அப்பா, உங்கட கேமில என்ன நடக்குது? ஒருத்தர் துப்புறார், ஒருத்தர் தொப்பியைச் சரி பண்ணுறார், ஒருத்தர் கையுறையைக் கழட்டி மாட்டுறார். இதுக்கு நான் பஸ் ஸ்டாப்பில போய் நிக்கலாம், அங்கிள்."

அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. கெடியாரமே இல்லாத ஆட்டம் என்று மார்தட்டிக்கொண்டிருந்த பேஸ்பால், 2023-ல் வழிக்கு வந்தது. எறிபவருக்கு 15 விநாடி, பேஸில் ஆள் நின்றால் 20 விநாடி என்று கெடு வைத்தார்கள். மூன்று மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்த சராசரி ஆட்டம் ஒரே சீஸனில் இருபது நிமிஷத்துக்கு மேல் இளைத்துவிட்டது. அவ்வளவும் துப்பிய நேரம், தொப்பி சரிசெய்த நேரம். 

*

இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்டதில் எனக்கு ஒன்று தோன்றியது. இந்த இரண்டு ஆட்டத்தையும் ஆபீஸாக நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று விளங்கிவிடும்.

ஹாக்கியில் ஒரு ஆள் தொடர்ந்து முக்கால் நிமிஷம்தான் ஆடுவார். உயிரைக் கொடுத்து ஓடுவார். பிறகு சுவரைத் தாண்டிக் குதித்து பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார், அடுத்த ஆள் குதிப்பார். ஆட்டம் நிற்காமலே ஆள் மாற்றம். நம்ம ஆபீஸில் ஒரு ஸீட்டிலிருந்து இன்னொரு ஸீட்டுக்கு மாற எத்தனை ஃபைல், எத்தனை கையெழுத்து!

தப்பு செய்தால் பெனால்டி பாக்ஸ். கண்ணாடிக் கூண்டில் இரண்டு நிமிஷம் உட்கார வேண்டும், சண்டை போட்டால் ஐந்து நிமிஷம். அதுவரை அந்த அணி ஒரு ஆள் குறைவாக ஆட வேண்டும். ஒருத்தர் செய்த தப்புக்கு மீதி எல்லோரும் ஓவர்டைம். இது மட்டும் நம்ம ஆபீஸ் மாதிரியேதான்.

பேஸ்பாலில் திருட்டு உண்டு. ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு எறிபவர் கண்ணில் மண்ணைத் தூவி ஓடினால் அதற்குப் பெயர் 'ஸ்டீல்'. புள்ளிவிவரத்தில் பெருமையாக ஏற்றுகிறார்கள். தியாகமும் உண்டு. தான் அவுட் ஆகி இன்னொருத்தரை முன்னேற்றினால் 'ஸாக்ரிஃபைஸ்' என்று அதற்கும் கணக்கு. எல்லாவற்றையும் விட, ஸ்கோர் போர்டில் ரன், ஹிட் இரண்டுக்கும் பக்கத்திலேயே 'எரர்' என்று ஒரு கட்டம். அணி செய்த தப்புகள் இத்தனை என்று ஊருக்கே தெரியும்படி பெரிய எண்ணில் எரியும். செக்‌ஷன் வாசலில் இப்படி ஒரு போர்டு மாட்டினால் எத்தனை பேர் நாளைக்கு மெடிகல் லீவ் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் பேஸ்பாலின் கருணையும் அதே கணக்கில்தான் இருக்கிறது. பத்துக்கு மூன்று முறை ஒழுங்காக அடித்தால் அவர் நட்சத்திரம். கோடிக்கணக்கில் சம்பளம். ஏழு முறை தோற்றதை யாரும் கேட்பதில்லை. "வாழ்க்கையிலை ஆர் தம்பி பத்துக்கு ஏழு அடிச்சவன்? உது மனுசருக்கான விளையாட்டு" என்றார் அண்ணை.

"நீங்க லீஃப்ஸை மட்டும் அப்படி மன்னிக்க மாட்டீங்க" என்றான் மகன்.

"அவங்கள் பத்துக்கு மூண்டு கேக்கேல்லை. அம்பத்தெட்டுக்கு ஒண்டு கேக்கிறன்!"

இதுதான் அந்த வீட்டின் அணுகுண்டு. மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாக ஸ்டான்லி கோப்பை வாங்கியது 1967-ல். அப்போது அண்ணைக்கு ஆறு வயசு. 

*

ஸ்டான்லி கோப்பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1892-ல் கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு கொடுத்த வெள்ளிக் கிண்ணம். ஜெயித்த ஆட்டக்காரர்கள் பெயரை அதிலேயே பொறிப்பார்கள். இடம் போதாமல் கீழே அடுக்கடுக்காக வளையம் சேர்த்துக் கோபுரம் மாதிரி ஆகிவிட்டது. ஜெயித்த அணியின் ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் கோப்பை ஒரு நாள் போகும். நம்மூர் உற்சவர் வீதியுலா மாதிரி. அந்த வீதியுலா டொராண்டோ அணிக்காக வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

1967-ல் லீஃப்ஸ் யாரைத் தோற்கடித்தது என்பதில் இருக்கிறது சுவாரஸ்யம். மாண்ட்ரியால் கனேடியன்ஸ். லீஃப்ஸின் இரண்டு கோல்கீப்பர்களில் ஒருத்தருக்கு வயசு 42, இன்னொருத்தருக்கு 37. கிழவர் படை என்றார்கள், கிழவர் படை கோப்பையை வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு வாலிபர் படைகள் வந்து வந்து தோற்றன.

மாண்ட்ரியாலுக்கு 24 கோப்பை, டொராண்டோவுக்கு 13. ஆனால் அந்தப் பகை கோப்பைக் கணக்கு இல்லை. மாண்ட்ரியால் ஃபிரெஞ்சு பேசும், டொராண்டோ ஆங்கிலம் பேசும். ரோக் காரியர் என்பவர் 1979-ல் எழுதிய 'தி ஹாக்கி ஸ்வெட்டர்' என்ற கதை கனடாவில் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். கியூபெக் கிராமத்துப் பையன் மாண்ட்ரியால் பனியனுக்கு ஆர்டர் கொடுக்க, கடைக்காரர்கள் டொராண்டோ பனியனை அனுப்பிவிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. அந்தப் பையனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் உலகத்தில் இல்லை. அந்தக் கதையின் வரி பிறகு கனடாவின் ஐந்து டாலர் நோட்டிலேயே அச்சாகியது. அவ்வளவு தூரம் அது அவர்கள் எல்லோருடைய கதை.

அதற்கு முன்னால் நிஜமாகவே ஒன்று நடந்தது. மாண்ட்ரியாலின் தெய்வம் மோரிஸ் ரிச்சர்ட். 1955 மார்ச் 13-ம் தேதி பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில் எதிரணிக்காரர் குச்சியால் அவர் தலையில் அடித்தார். ரிச்சர்ட் திருப்பி அடித்ததோடு நடுவர் ஒருத்தரையும் குத்திவிட்டார். லீக்கின் தலைவர் கிளாரன்ஸ் கேம்ப்பெல், ஆங்கிலம் பேசுபவர், ரிச்சர்ட் அந்த சீஸன் முழுக்க ஆடக்கூடாது என்று தடை போட்டார். இறுதிச் சுற்றுக்கும் சேர்த்து. நாலு நாள் கழித்து மாண்ட்ரியாலில் ஆட்டம். கேம்ப்பெல் அதே அரங்கத்துக்கு வந்து ஜம்மென்று உட்கார்ந்தார். முட்டை பறந்தது, தக்காளி பறந்தது, கண்ணீர்ப்புகை குண்டு வெடித்தது. ஆட்டத்தை நிறுத்தி எதிரணிக்கு வெற்றி என்று எழுதிவிட்டார்கள். ஜனம் தெருவுக்கு இறங்கியது. கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. மறுநாள் ரிச்சர்டே ரேடியோவில் வந்து எல்லோரும் அமைதியாக இருங்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் ஊர் அடங்கியது. கியூபெக்கின் அரசியல் விழிப்புக்கே அந்த ராத்திரி ஒரு முன்னோடி என்று சொல்கிறவர்கள் உண்டு. அடுத்த வருஷத்திலிருந்து மாண்ட்ரியால் வரிசையாக ஐந்து கோப்பை வாங்கியது, 1956 முதல் 1960 வரை.

இந்தக் கதையை மகன்தான் எனக்குச் சொன்னான், மாண்ட்ரியால்காரர்கள் எவ்வளவு முரடர்கள் என்பதற்கு அத்தாட்சியாக. கேட்டுக்கொண்டிருந்த அப்பா டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்.

"முரடு இல்லையடா. அது பாஷை. எங்கடை ஆளை எங்கடை ஊரிலை வைச்சு, எங்கடை பாஷை தெரியாதவன் தண்டிக்கிறான் எண்டால் ஆர் சும்மா இருப்பினம்? அவங்களுக்கு 1955. எங்களுக்கு 1956."

1956 என்றால் என்ன என்று மகனுக்குத் தெரியவில்லை. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று இலங்கையில் சட்டம் வந்த வருஷம். அப்பா அன்றைக்கு அதை விளக்கினார். ஹாக்கியையே பிடிக்காதவர், ஹாக்கிக்காக அரை மணி பேசினார். கடைசியில், "அந்த ரிச்சர்ட் எண்டவனை நான் மதிக்கிறன்" என்று முடித்தார்.

மகன் அவ்வளவு நேரம் அடக்கமாகக் கேட்டவன், அந்தக் கடைசி வரிக்கு மட்டும் எழுந்து நின்றுவிட்டான். "அப்பா! லீஃப்ஸ் வீட்டில இதைச் சொல்லக்கூடாது!"

*

பேஸ்பாலின் பெரிய பகை எல்லைக்குத் தெற்கே இருக்கிறது. பாஸ்டன் ரெட் ஸாக்ஸ், நியூயார்க் யாங்கீஸ். 1919 கடைசியில் பாஸ்டன்காரர்கள் பேப் ரூத் என்ற ஆட்டக்காரரை ஒரு லட்சம் டாலருக்கு நியூயார்க்குக்கு விற்றார்கள். அதற்கு முன் 1918-ல் பட்டம் வாங்கியிருந்த பாஸ்டன், அடுத்த பட்டத்துக்கு 2004 வரை காத்திருந்தது. 86 வருஷம். அதுவும் எப்படி? யாங்கீஸோடு ஏழு ஆட்டத் தொடரில் மூன்றுக்கு சைபர் என்று பின்தங்கி, பிறகு நாலையும் ஜெயித்து. அந்த பேப் ரூத் தொழில்முறை ஆட்டத்தில் அடித்த முதல் ஹோம் ரன் எந்த ஊரில் தெரியுமோ? டொராண்டோவில். 1914 செப்டம்பரில், ஏரியில் இருக்கும் ஹான்லன்ஸ் பாயிண்ட் மைதானத்தில். அண்ணை இந்தத் தகவலைச் சொல்லும்போது, தானே அந்தப் பந்தைப் பொறுக்கிக் கொடுத்தவர் மாதிரி இருக்கும்.

டொராண்டோ பேஸ்பாலுக்கு உள்ளூர்ப் பகையாளி இருந்திருக்க வேண்டும். இருந்தது: மாண்ட்ரியால் எக்ஸ்போஸ். 1994-ல் 74 வெற்றி, 40 தோல்வி என்று எல்லா அணிகளுக்கும் மேலே நின்றது. ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் ஸ்டிரைக். அந்த வருஷம் வேர்ல்ட் ஸீரீஸே நடக்கவில்லை. எக்ஸ்போஸ் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. 2004 சீஸன் முடிந்ததும் மூட்டை கட்டி வாஷிங்டனுக்குப் போய்விட்டது.

ஹாக்கியிலும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் குரூரமாக. கியூபெக் நகரத்து நோர்டீக்ஸ் அணியை 1995-ல் அமெரிக்காவுக்கு விற்றார்கள். புதிய ஊரில் இறங்கிய முதல் சீஸனிலேயே, 1996-ல், அந்த அணி ஸ்டான்லி கோப்பையை வாங்கிவிட்டது. பதினாறு வருஷம் குளிரில் உட்கார்ந்து கத்தியவர்கள் டி.வி.யில் பார்த்தார்கள். பெண் பார்த்துப் பேசி முடித்து, தாலி வேறு ஊரில் கட்டிய மாதிரி.

யோசித்தால் இதுதான் ரசிகனின் நிலைமை. டிக்கெட், பனியன், தொப்பி, தொண்டை எல்லாம் அவனுடையது. அணி மட்டும் அவனுடையது இல்லை.

*

அப்புறம் ஏன் இந்தப் பைத்தியம்? ஒரு நாள் சமையலறையில் அக்கா இட்லி ஊற்றிக்கொண்டே சொன்னார். "இவர் வந்த புதுசிலை ஒரு ரெஸ்டோரண்டிலை கோப்பை கழுவினவர். இங்கிலீஷ் தெரியாது. குசினியிலை ஒரு ரேடியோ. அதிலை பேஸ்போல் கதைப்பாங்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பாஷை பிடிச்சவர்."

அந்த ரேடியோவில் பேசியவர் டாம் சீக். ப்ளூ ஜேஸ் பிறந்த 1977 ஏப்ரல் 7-ம் தேதி முதல் ஆட்டத்திலிருந்து வர்ணனை செய்தவர். ஒரு ஆட்டம்கூட விடாமல், சீஸன் ஆட்டங்கள் தொடர்ச்சியாக 4,306. 27 வருஷம். 2004 ஜூனில்தான் முதல் முறையாக ஒரு ஆட்டத்துக்கு வரவில்லை. அவருடைய அப்பா இறந்துபோயிருந்தார். அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார். மைதானத்தில் கௌரவிக்கப்பட்டவர்கள் வரிசையில் அவர் பெயரோடு 4306 என்ற எண்ணும் இருக்கிறது.

நிதானமாக நடக்கும் ஆட்டம்தான் ரேடியோவுக்குத் தோது. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் ஒரு தட்டு கழுவலாம், இரண்டு ஆங்கில வார்த்தை கற்றுக்கொள்ளலாம். மகனுக்குப் போரடிக்கும் அதே இடைவெளியில்தான் அப்பா ஒரு தேசத்துக்குள் நுழைந்திருக்கிறார். 1992-ல் ப்ளூ ஜேஸ் வேர்ல்ட் ஸீரீஸ் ஜெயித்தது. 1993 அக்டோபர் 23-ம் தேதி ஜோ கார்ட்டர் கடைசிப் பந்தில் அடித்த ஹோம் ரன்னில் மறுபடி ஜெயித்தது. ஊரே தெருவுக்கு வந்தது. "அண்டைக்கு ஆரோ வெள்ளைக்காரன் என்னைக் கட்டிப்பிடிச்சவன் தம்பி. வந்து ஆறு வரியத்திலை அதுதான் முதல் தரம்" என்றார் அண்ணை. அதற்கு மேல் புள்ளிவிவரம் எதுவும் சொல்லவில்லை.

மகனுடைய பக்கமும் லேசானதில்லை. அவன் வகுப்பில் எல்லாப் பையன்களும் தெருவில் ஹாக்கி ஆடினார்கள், அவனும் ஆடினான். ஸ்கேட் வாங்கக் காசில்லாத பருவத்தில் சாதாரண ஷூவும் டென்னிஸ் பந்தும். கனடாவில் 2008 முதல் ஹாக்கி ஆட்டங்களுக்குப் பஞ்சாபி மொழியில் வர்ணனை வருகிறது. அதைப் பெருமையாகப் போட்டுக் காட்டினான். "தமிழில எப்ப வரும் அங்கிள்?" என்று கேட்டான். ஹாக்கியின் மேன்மைக்கு அவன் சொன்ன காரணமும் எனக்குப் பிடித்தது. ஏழு ஆட்டம் ஒருத்தரை ஒருத்தர் அடித்து, பல்லை உடைத்து, ரத்தம் சிந்தி, தொடர் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக நின்று ஒவ்வொருத்தரும் ஒவ்வொருத்தரோடும் கைகுலுக்குவார்கள். பேஸ்பாலில் அந்தப் பழக்கம் கிடையாது.

அந்தக் கைகுலுக்கலை நானும் பார்த்தேன். மே 18, ஞாயிற்றுக்கிழமை, ஃப்ளோரிடா அணியோடு ஏழாவது ஆட்டம், டொராண்டோவிலேயே. ஆறுக்கு ஒன்று என்று லீஃப்ஸ் தோற்றது. 2013-ல் பாஸ்டனோடு இதே ஏழாவது ஆட்டத்தில் நாலுக்கு ஒன்று என்று முன்னால் இருந்து தோற்ற அணி; அதற்குப் பிறகு 2018, 2019, 2024 என்று மூன்று முறை அதே பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்ற அணி. மகன் ஒன்றும் பேசாமல் பனியனைக் கழற்றி மடித்து வைத்தான். அப்பாவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவர் எழுந்துபோய் இரண்டு பிளேன் டீ போட்டுக்கொண்டு வந்து, ஒன்றை மகன் முன்னால் வைத்தார். ஜெயித்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பேஸ்பாலில் சட்டம் இல்லையே தவிர, வீட்டில் இருக்கிறது.

*

பேஸ்பால் தன் கணக்கை அக்டோபரில் தீர்த்தது. 32 வருஷம் கழித்து ப்ளூ ஜேஸ் வேர்ல்ட் ஸீரீஸுக்குப் போனது. எதிரி லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ். மூன்றாவது ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் 18 இன்னிங்ஸ் ஓடியது. டொராண்டோ நேரப்படி ராத்திரி மூன்று மணிக்கு நெருக்கத்தில் தோற்றார்கள். நவம்பர் 1-ம் தேதி ஏழாவது ஆட்டம், சொந்த ஊரில். ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் இரண்டு பேரை அவுட் ஆக்கினால் பட்டம். அந்த இடத்தில் ஒரு ஹோம் ரன் வாங்கி ஸ்கோர் சமமாகி, பதினோராவது இன்னிங்ஸில் ஐந்துக்கு நாலு என்று போய்விட்டது. 

ஃபோன் செய்தேன். மகன்தான் எடுத்தான். "அப்பா படுத்திட்டார், அங்கிள். நான் பதினெட்டு இன்னிங்ஸும் அவரோட இருந்து பார்த்தனான். அந்த ஹோம் ரன்... அந்தப் பிட்ச்சை அங்க போட்டிருக்கக் கூடாது." பத்து நிமிஷம் பேசினான். எறிபவரை எப்போது மாற்றியிருக்க வேண்டும், பேஸில் இருந்தவர் எவ்வளவு தூரம் நகர்ந்து நின்றிருக்க வேண்டும்... பஸ் ஸ்டாப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அப்போ பேஸ்பால் கட்சிக்கு மாறிட்டியா தம்பி?"

"நெவர்" என்றான். "லீஃப்ஸ் கேம் இருக்கு. வைக்கிறன்."

1977-ல் ப்ளூ ஜேஸ் ஆடிய அந்த முதல் ஆட்டத்தன்று டொராண்டோவில் ஏப்ரல் மாசத்தில் பனி கொட்டியிருந்தது. மைதானம் வெள்ளை வெளேர். எப்படிச் சுத்தம் செய்வது என்று பேஸ்பால்காரர்களுக்குத் தெரியவில்லை. ஹாக்கி ஐஸை வழவழப்பாக்க 'ஜாம்போனி' என்று ஒரு வண்டி உண்டு. மேப்பிள் லீஃப்ஸிடம் அதைக் கடன் வாங்கி வந்து பனியைத் துடைத்தார்கள். ஆட்டம் நடந்தது, ப்ளூ ஜேஸ் ஒன்பதுக்கு ஐந்து என்று ஜெயித்தது. வாடகை வாங்கினார்களா என்று அடுத்த முறை போகும்போது அண்ணையைக் கேட்க வேண்டும்.